பச்சையில் ஒரு பெயர்

பெங்களூரு
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பூவிழி எழுதுகிறேன். இங்கே குளிர் இன்னும் விடவில்லை, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மாமாவுக்கு முதுகுவலி குறைந்ததா? லாரியில் மூட்டை ஏற்றுவதை நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டார். வாங்கிக் கொடுத்த பெல்ட்டையாவது கட்டிக்கொள்ளச் சொல்.

பொங்கலுக்கு வர முடியவில்லை. இதைப் போனில் சொன்னால் "சரிம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அப்புறம் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அதனால்தான் திண்டிவனம் ஹாஸ்டலில் இருந்த காலம் போலவே இப்போதும் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் கம்பெனியில் ஒவ்வொருவரும் வருடத்துக்கு அறுபது மணி நேரம், தங்களுக்குத் தெரிந்த தொழிலைச் சம்பளம் வாங்காமல் மக்களுக்குச் செய்து தரலாம். மரக்கன்று நட்டுப் போட்டோ எடுக்கிற வேலை இல்லை இது. எனக்குத் தகவல் சேர்த்துப் பிரித்துப் பார்க்கத் தெரியும், அதையே செய்யலாம். எந்த ஊர் என்று மேலாளர் சிவப்பிரகாசம் சார் கேட்டதும், வேறு யாரும் வாயைத் திறப்பதற்குள் மரக்காணம் உப்பளம் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர்கள் வந்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். நாங்கள் எல்லாவற்றையும் ஒரு செயலியில் பதிவோம். உப்பு வாருகிற பெண்களுக்கு என்ன நோய் இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிக்கை கையில் இருந்தால் நிழல், குடிதண்ணீர், கழிப்பறை எல்லாம் அதிகாரிகளிடம் தைரியமாகக் கேட்கலாம். உங்கள் உப்பளச் சங்கத்துப் பெண்களை நீதான் கூட்டி வர வேண்டும்.

உன் தங்கை,
பூவிழி

*

மரக்காணம்
23 ஜனவரி 2025

அன்புள்ள பூவிழிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் மாட்டுப்பொங்கல் கழித்து வந்தது. இங்கே எல்லோரும் சுகம். மாமா பெல்ட்டைக் கட்டுகிறார், ஆனால் சட்டைக்கு மேல். நீ வேளைக்குச் சாப்பிடு.

சங்கத்தில் சொன்னேன். முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயர், ஆதார், வீட்டு முகவரி எழுத வேண்டும் என்றதும் அம்சவள்ளிதான் ஆரம்பித்தாள். அவளை உனக்குத் தெரியும், என் பக்கத்துப் பாத்தியில் பதினாறு வருடமாக உப்பு வாருகிறவள். "ஒடம்புல இன்னா கீதுன்னு ஒருத்தன்கிட்ட சொல்லிட்டா, அப்பறம் அது நம்ம கையில இருக்காதுடி" என்றாள். ரத்தம் கொடுப்பதில் அவளுக்குப் பயமில்லை. பெயர் கொடுக்கத்தான் பயம்.

உப்பளத்தில் ஒதுங்க இடமில்லை என்று நாங்கள் எல்லோரும் காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் நிற்கிறோம். அதற்காவது ஒரு வழி பிறக்கட்டும் என்று பேசிப் பார்த்தேன். அவர்கள் அசையவில்லை. கடைசியில், "என் தங்கச்சி எழுதறது என் தங்கச்சிகிட்டதான் இருக்கும்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. நூற்று எண்பது பேருக்கு மேல் வருவார்கள்.

என் பேச்சை நம்பி வருகிறார்கள். நினைவில் வைத்துக்கொள்.

அக்கா,
தையல்நாயகி

*

பெங்களூரு
2 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரிலிருந்து திரும்பியதும் இரண்டு நாள் ஜுரம், இப்போது தேவலை. மாமாவும் நீயும் நலம்தானே?

இரண்டு சனிக்கிழமையும் எவ்வளவு நன்றாக நடந்தது. என்னோடு வந்த பதினான்கு பேரும் இன்னும் அதையே பேசுகிறார்கள். வெறுங்காலோடு பாத்தியில் இறங்கிய ஒரு பையன் பாதம் எரிகிறது என்று கால் மணி நேரத்தில் ஏறிவிட்டான். நாம் செய்கிற வேலைக்கு முதல்முறையாக ஒரு அர்த்தம் தெரிகிறது என்று அவன் எழுதியதை சிவப்பிரகாசம் சார் எல்லோருக்கும் அனுப்பினார்.

முடிவுகள் வந்துவிட்டன. நூற்று எண்பத்தாறு பேரில் முப்பத்தொரு பேருக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது. மற்றவர்களில் சிலர் மஞ்சள், மீதி பச்சை. சிவப்பில் இருப்பவர்களை ஏப்ரலில் இருந்து மாதம் ஒருமுறை ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பார். அவருடைய பட்டியலும் எங்கள் செயலியில் இருந்துதான் போகும்.

அம்சவள்ளி அக்காவிடம் சொல், பயப்பட ஒன்றுமில்லை. நாங்கள் பார்ப்பது வெறும் எண்களை. எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் தனியாகப் பூட்டி இருக்கிறது, அதன் சாவி என்னிடம் மட்டும். நானே திறந்து பார்க்கவில்லை. அவரவர் முடிவு ஒட்டிய கவரில் தபாலில் வரும்.

உன் கவரில் என்ன இருந்தது என்று எழுது.

பூவிழி

*

மரக்காணம்
19 மார்ச் 2025

அன்புள்ள பூவிழிக்கு,

உனக்கு ஜுரம் விட்டதில் நிம்மதி. இங்கே மாமா சௌக்கியம். எனக்கும் ஒரு குறையும் இல்லை. கவர் வந்தது, எல்லாம் சரியாக இருக்கிறது.

பாத்திகளில் உப்பு இறங்கத் தொடங்கிவிட்டது. இந்த வருடம் வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அம்சவள்ளிக்குச் சிவப்பு. கவரை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன். "சரி, நர்சு வரட்டும்" என்று சொல்லி உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எங்களை வேலைக்குக் கூப்பிடுகிற மேஸ்திரி சேட்டு இதுவரை எங்கள் உடம்பைப் பற்றி விசாரித்தவன் இல்லை. இந்த வாரம் ஒவ்வொருத்தியாக நிறுத்தி, கவர் வந்ததா, டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்கிறான். முகத்தில் சிரிப்பு வேறு. வருகைப் பதிவுக்கு முதலாளிகளான அளக்காரர்கள் அவனுக்குப் புதிதாக ஒரு போன் கொடுத்திருக்கிறார்களாம்.

அந்தப் பட்டியல் உன்னிடம் மட்டும்தானே இருக்கிறது? அதை மட்டும் எழுது.

அக்கா

*

பெங்களூரு
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் உடம்பை நீ பார்த்துக்கொள்கிறாயா? தண்ணீர் நிறையக் குடி. வாரத்தில் இரண்டு நாளாவது வேலைக்குப் போகாதே. புதுச்சேரியில் ஒரு நல்ல டாக்டரிடம் உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், இந்த மாதம் பதினெட்டாம் தேதி. சும்மா ஒரு முழுப் பரிசோதனைதான். நாற்பத்து நாலு வயதாகிறதே, அதற்காக. கட்டாயம் போ. மாமாவையும் கூட்டிக்கொண்டு போ.

போன வாரம் எங்கள் திட்டத்துக்கு விருது கொடுத்தார்கள். மேடையில் உப்பளப் படத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். நீ தலையில் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிற படம். இதே வேலையை இன்னும் நான்கு கடற்கரைகளில் செய்யப் போகிறோம், அதற்கு என்னைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்து அளக்காரர்கள் சிலர் ஒரு அமைப்பாகச் சேர்ந்து எங்கள் திட்டத்தில் பங்குதாரர் ஆகியிருக்கிறார்கள். அவர்கள் செலவில் இரண்டு நிழற்கொட்டகை வரும். நீ கேட்டது நடக்கப் போகிறது, அக்கா. எல்லாம் நல்லதற்குத்தான். வீணாகக் கவலைப்படாதே.

பதினெட்டாம் தேதியை மறந்துவிடாதே.

பூவிழி

*

மரக்காணம்
11 மே 2025

அன்புள்ள பூவிழிக்கு,

மாமாவும் நானும் நலம். டாக்டரிடம் போகவில்லை. அன்றைக்கு அளத்தில் ஆள் குறைவு.

ஆள் குறைவு ஏன் என்று சொல்கிறேன். கொட்டகை இரண்டும் எழும்பிவிட்டன, தகரக் கூரை, சுவரில் உங்கள் கம்பெனி பெயர். அது திறந்த மறுநாள் காலையில் சேட்டு அம்சவள்ளியைத் திருப்பி அனுப்பினான். "ஒனக்கு ஒடம்பு செரியில்ல. வெயில்ல எதுனா ஆயிட்டா எங்க தலையில வுழும்" என்றான். அவள் எங்கே விழுந்தாள்? அதற்கு முந்தின நாள்கூட என்னைவிட ஒரு பாத்தி அதிகம் வாரினாள்.

அந்த வாரத்தில் அவளோடு சேர்த்து ஒன்பது பேர். அடுத்த வாரம் இன்னும் ஆறு பேர். எல்லோரும் சிவப்புக் கவர் வாங்கியவர்கள். ஒருத்திகூடத் தன் கவரை சேட்டுவிடம் காட்டவில்லை. அவன் யாரையும் எதுவும் கேட்பதில்லை இப்போது. வரிசையில் வருகிறவளின் பெயரைச் சொல்லி போனைத் தட்டுகிறான், திரையைப் பார்க்கிறான், தலையை ஆட்டுகிறான். அவ்வளவுதான்.

நிழலும் வேண்டும் என்றோம், தண்ணீரும் வேண்டும் என்றோம். இரண்டும் வந்திருக்கிறது. அங்கே உட்கார வேண்டியவர்கள்தான் வீட்டில் இருக்கிறார்கள்.

போன கடிதத்தில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீ இரண்டு பக்கம் எழுதினாய், அதற்குப் பதில் எழுதவில்லை.

அக்கா

*

மரக்காணம்
8 ஜூன் 2025

பூவிழிக்கு,

உன்னிடமிருந்து தபால் வந்து இரண்டு மாதம் ஆகிறது. உடம்புக்கு ஏதாவதா? போன் செய்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய்.

இப்போது முப்பது பேர் வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்து மேஸ்திரிகளிடம் போய்க் கேட்டுப் பார்த்தார்கள். அவர்களிடமும் அதே போன் இருக்கிறது.

கொட்டகையில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் எழுந்து போகிறாள். யாரும் திட்டவில்லை. திட்டினால் பதில் சொல்லலாம்.

அக்கா

*

பெங்களூரு
19 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. நீ சொன்னதை மேலே பேசியிருக்கிறேன். விசாரிக்கிறோம் என்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாக இரு. சங்கத்தில் இப்போதைக்கு எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

டாக்டரிடம் வேறு தேதி வாங்கியிருக்கிறேன், ஜூலை இரண்டு. தயவுசெய்து போ, அக்கா. ஏன் என்று கேட்காதே. போய்விட்டு வா.

பூவிழி

*

மரக்காணம்
6 ஜூலை 2025

பூவிழிக்கு,

சாப்பிட்டாயா, தூங்குகிறாயா என்று கேட்டுத்தான் எனக்கு எழுதத் தெரியும். கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை அம்சவள்ளி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. "உன்ன மட்டும் எப்படி கூப்புடறான் தையலு?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அவள் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.

ஏனென்றால் எனக்கும் சிவப்புதான், பூவிழி. மார்ச் மாதம் உனக்குப் பொய் எழுதினேன். சிறுநீரகம் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை, வெயிலில் நிற்கக் கூடாது, மாதாமாதம் பார்க்க வேண்டும் என்று கவரில் இருந்தது. நீ பயந்துவிடுவாய் என்று மறைத்தேன். மாமாவுக்கும் சொல்லவில்லை. நர்ஸ் ஏப்ரலில் சிவப்பு வந்த எல்லோர் வீட்டுக்கும் வந்தார், என் வீட்டைத் தாண்டிப் போனார். மறதி என்று நினைத்துக்கொண்டேன். வராமல் இருந்ததே நல்லது, மாமாவுக்குத் தெரியாது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் கவரை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். பத்து மணிக்குக் கொட்டகையில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நிறுத்தப்பட்டவர்களும் அம்சவள்ளியோடு வந்து வரப்பில் நின்றிருந்தார்கள். நான் சேட்டுவிடம் போய், "என் பேரு இன்னா நெறத்துல இருக்குது, காட்டு" என்றேன்.

"உனக்கு இன்னாக்கா, பச்ச" என்று சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் காட்டினான்.

பச்சைதான். என் பெயர், என் வயது, என் ஆதார் எண், எல்லாம் சரியாக இருந்தது. நிறம் மட்டும் என்னுடையது இல்லை.

முப்பத்தொரு பேர் என்று நீ எழுதிய கடிதம் வீட்டில் இருக்கிறது. நிறுத்தப்பட்டவர்கள் முப்பது. விடுபட்ட ஒருத்தி யார் என்று எனக்குத் தெரிந்தது. யார் விட்டார்கள் என்றும் தெரிந்தது. சாவி உன்னிடம் மட்டும்தான் என்று நீதானே எழுதியிருந்தாய்.

கவரைப் பிரித்து எல்லோருக்கும் முன்னால் வாசித்தேன். தங்கச்சிதான் மாற்றியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். சேட்டு பதறினான், "இன்னாத்துக்குக்கா இதெல்லாம், நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்றான். "என் பேரையும் மாத்திக்க" என்றேன். அடுத்த நாளில் இருந்து எனக்கும் வேலை இல்லை.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்திருப்பாய். மூன்று மாதம் அந்தப் பச்சையால் வேலையும் நிற்காமல், நர்ஸும் வராமல் முழு வெயிலில் நின்றேன். கால் வீங்கியிருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை மாமா என்னைப் புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் மார்ச் மாதத்துக் காகிதத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டார்.

நாளைக்கு விழுப்புரத்தில் கலெக்டர் மனு வாங்குகிற நாள். முப்பத்தொரு பேரும் போகிறோம். பட்டியல் எப்படி வெளியே போனது என்று கேட்பார்கள். அது உனக்குத்தான் தெரியும்.

தையல்நாயகி

*

பெங்களூரு
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? மாமாவிடம் போனில் கேட்டேன். "அவகிட்டயே கேளு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எட்டு வாரம் எழுதாமல் இருந்தேன். நாலைந்து முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நான் நல்லவளாகவே இருந்தேன். இது அப்படி இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

மார்ச் இருபத்தேழாம் தேதி சிவப்பிரகாசம் சார் என்னைக் கூப்பிட்டார். அளக்காரர்கள் பங்குதாரர் ஆகிறார்கள், கொட்டகை கட்டித் தருகிறார்கள், அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்றார். சிவப்பில் இருப்பவர்களுக்கு நிழலில் லேசான வேலை கொடுப்பார்கள், பெயர் தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் விருது விழா. சாயங்காலத்துக்குள் அனுப்புகிறேன் என்றேன்.

அனுப்புவதற்கு முன்னால்தான் முதல்முறையாகப் பெயர்களைத் திறந்தேன். பதினேழாவது வரியில் நீ இருந்தாய். கவரில் எல்லாம் சரி என்று நீ எழுதிய கடிதம் என் பையிலேயே இருந்தது. அழுதேன். அப்புறம் உன் வரியைப் பச்சையாக்கிவிட்டு அனுப்பினேன்.

நிழலில் வேலை கொடுப்பார்கள் என்று நம்பித்தான் கொடுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்பியிருந்தால் உன் வரியை ஏன் மாற்றினேன்? மற்ற முப்பது பேருக்கு என்ன ஆகும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும், அக்கா. நர்ஸ் பட்டியலும் அதே இடத்தில் இருந்துதான் போகிறது என்பது மட்டும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஏப்ரலில் தெரிந்தது. திரும்பச் சிவப்பாக்கினால் உனக்கு வேலை போகும். விட்டுவிட்டால் நர்ஸ் வரமாட்டார். எதையும் செய்யாமல், புதுச்சேரி டாக்டரிடம் போ, போ என்று உனக்கு எழுதினேன்.

பட்டியல் கேட்டு வந்த மின்னஞ்சல், நான் அனுப்பிய பதில், நான் மாற்றிய நேரம் எல்லாவற்றையும் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, இந்த மாதம் பதினோராம் தேதி விழுப்புரம் கலெக்டர் ஆபீஸுக்கு வந்து உங்கள் மனுவோடு சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். அங்கிருந்து மரக்காணத்துக்கு பஸ் இருந்தது. ஏறவில்லை. இத்துடன் உனக்கும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.

மறுநாளே கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது, ஆபீஸில் என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. மரக்காணத்துக்கு என்னோடு வந்த பதினான்கு பேரில் ஒருவர் போன் செய்தார். அந்தச் செயலி மாறாமல் அப்படியே வேறொரு கடற்கரைக்குப் போகிறதாம், புதிய தன்னார்வலர்கள் நாற்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்களாம்.

நான் வீட்டுக்கு வரலாமா?

பூவிழி

*

மரக்காணம்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள பூவிழிக்கு,

உன் கடிதமும் காகிதங்களும் வந்தன. மாமா படித்தார். படித்துவிட்டு நீ எங்கே சாப்பிடுகிறாய் என்று கேட்டார். எனக்கு வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. இன்னும் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்கு இனி எதையும் மறைப்பதாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் காகிதங்களைப் பார்த்த பிறகுதான் அதிகாரிகள் அளத்துக்கே வந்தார்கள். பட்டியலை அழித்துவிட்டோம் என்று உங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. அளக்காரர்கள் அப்படி ஒரு பட்டியலே தங்களிடம் இருந்ததில்லை என்கிறார்கள். சேட்டுவின் போனில் இப்போது நிறம் இல்லை, வெறும் பெயர்தான். ஏழு பேரைத் திரும்பக் கூப்பிட்டான். மற்றவர்கள் போய் நின்றால், "ஆளு போதும்மா" என்கிறான். போனைப் பார்ப்பதுகூட இல்லை. முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிகிறது. அதை எந்த அதிகாரி வந்து அழிப்பார்?

அம்சவள்ளி போன மாதம் ஓங்கூர் பக்கம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லையாம். வெயில் அங்கேயும் அதேதான். மூன்றாவது வாரம் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். கண் திறந்து பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். அவள் பிழைத்துக்கொள்வாளா என்று டாக்டரைக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

உன்னைப் பற்றி நான் சங்கத்தில் எதையும் மூடி வைக்கவில்லை. நீ விழுப்புரம் வந்து கொடுத்ததையும் சொன்னேன், அதற்கு முன்னால் செய்ததையும் சொன்னேன்.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வா. ஆனால் நேராக வீட்டுக்கு வராதே. வருகிற இருபத்தோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட வளாகத்தில் சங்கக் கூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அங்கே வா. ஒவ்வொருத்தியும் கேட்பதற்குப் பதில் சொல். எனக்கு எழுதினாயே, நம்பியிருந்தால் ஏன் மாற்றினேன் என்று, அதையும் உன் வாயால் சொல். இதே செயலி போகிற அடுத்த ஊர் எது என்று சொல். அந்த ஊர்ப் பெண்களுக்கு நாங்கள் தகவல் அனுப்ப வேண்டும், அவர்கள் பெயர் கொடுப்பதற்கு முன்னால்.

அவர்கள் உன்னை என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம், அதுதான் கஷ்டம். நான் உன் பக்கத்தில் உட்காரமாட்டேன். அவர்களோடு, உனக்கு எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

கூட்டம் முடிந்ததும் நாம் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்.

அக்கா,
தையல்நாயகி